வண்டி ஆடியது, ஊர் என் வாயை மோந்து பார்த்தது

ஸ்டியரிங் கைக்கு அடங்குகிற வரைக்கும்தான் ஒருவன் டிரைவர். அடங்காமல் போனால் அன்றைக்கே அவன் குடிகாரன்.

இது எல்லா ஊருக்கும் பொதுவான விதியா என்று எனக்குத் தெரியாது. எங்கள் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்த புதிதில், தர்மபுரி–அரூர் லைனில் இதுதான் சட்டம். தர்மபுரி அப்போது சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. மாகாணத்திலேயே முதன்முதலாக எங்கள் ஜில்லாவில்தான் கள்ளுக்கடையையும் சாராயக்கடையையும் இழுத்து மூடினார்கள். கடையை மூடியதும் ஊரில் பாதிப் பேருக்குச் சாயங்காலத்தில் வேலையில்லாமல் போயிற்று. அவர்கள் எல்லாரும் அடுத்தவன் வாயை மோந்து பார்க்கிற உத்தியோகத்தில் சேர்ந்துகொண்டார்கள்.

நான் அந்த லைனில் பஸ் ஓட்டினேன். பெயர் மாணிக்கம். என் ஆயுசில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஆனால் என் அப்பா மாட்டு வண்டி ஓட்டியவர், அவர் தொட்டதும் உண்டு, விட்டதும் இல்லை. தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்பார்கள். எங்கள் வீட்டில் பாய்ந்தவர் அப்பா. மிச்சத்தை நான் பாய்வேன் என்று ஊர் பொறுமையாகக் காத்திருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் என் பஸ் ஆட ஆரம்பித்தது.

ஸ்டியரிங் பிடித்துத் தோள்பட்டை கழன்ற சகோதரர்களே, உங்கள் வண்டியும் ஆடியிருக்கும். உங்களுக்குக் கைதான் வலித்திருக்கும். எனக்கோ பிழைப்பும் குடித்தனமும் சேர்ந்து ஆடிற்று. அந்தக் கதைதான் இது.

எண்ணிக்கை தப்பிய காற்று

காற்று எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்கிற கருவியெல்லாம் எங்கள் ஷெட்டில் கிடையாது. கைப்பம்பு ஒன்றுதான். முன் டயர் ஒன்றுக்கு அறுபது அடி என்று கணக்கு. கண்டக்டர் கோவிந்தன் சத்தமாக எண்ணிக்கொண்டே அடிப்பான். அன்றைக்கு இடது டயருக்கு நாற்பதாவது அடி அடிக்கும்போது ஒருவர் வந்து, "கம்பைநல்லூருக்கு எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டார். கோவிந்தன் மரியாதைக்காரன். நிமிர்ந்து நின்று பதில் சொன்னான், ஊர் நலம் விசாரித்தான், குனிந்து ஐம்பத்தொன்பது என்று ஆரம்பித்து அறுபதில் முடித்துவிட்டான்.

இடது டயரில் காற்றுக் குறைவு என்றால் வண்டி இடது பக்கமே இழுக்கும். இது இன்று எனக்குத் தெரியும். அன்று தெரியவில்லை. கம்பைநல்லூர் வரைக்கும் ஸ்டியரிங்கை வலது பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டே போனேன். கொஞ்சம் அசந்தால் வண்டி புளியமரத்தைப் பார்த்துப் போகும், நான் வெடுக்கென்று திருப்புவேன், பின்னால் இருப்பவர்கள் ஒருவர் மடியில் ஒருவர் விழுவார்கள். எனக்கு நேர் பின் சீட்டில் அரூர் புளி மண்டிக்காரர் உட்கார்ந்திருந்தார். மணி என்ன என்று கேட்கிற சாக்கில் என் காது வரைக்கும் குனிந்து இரண்டு மூச்சு இழுத்தார். என்னிடம் கடிகாரம் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், இரண்டு முன் டயருக்கும் நானே பக்கத்தில் நின்று எண்ணி அடிக்க வைத்தேன். இழுப்பு நின்றுவிட்டது. ஆனால் முதல் நாளே மண்டிக்காரர் பக்கத்து சீட்டுக்காரரிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் வெற்றிலை போடுகிற பழக்கமே இல்லாதவன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு அதைக் கேளுங்கள்: "வாடையே வரலீங்க. கெட்டிக்காரப் பய, வெத்தலையப் போட்டு அமுக்கிப்புட்டான்!"

வாசற்படி செக்கிங்

என் சம்சாரம் பெயர் காவேரி. எனக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முதல் இரண்டு வருஷம் அவள் என் அப்பாவோடும் குடித்தனம் செய்தவள். அப்பா குடித்துவிட்டு வண்டியிலேயே படுத்துவிடுவார், மாடுகள் வழி தெரிந்து வீட்டுக்கு இழுத்து வரும், இவள் நுகத்தடியைக் கழற்றிவிட்டு அவரை எழுப்புவாள். ஒரு நாள் மாடுகள் மட்டும் வந்தன. நானும் இவளும் தேடிப் போனோம். ஓடைப் பக்கம் கிடந்தார். தூக்க முடிந்தது, எழுப்ப முடியவில்லை. எனக்கு அப்பாமேல் கோபம் உண்டு. அதைவிட அதிகமாகப் பிரியமும் உண்டு. அன்றைக்கு இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மண்டிக்காரர் பேச்சு அரூரில் கிளம்பி, கம்பைநல்லூரில் கொழுத்து, எங்கள் தெருக் கிணற்றடிக்கு வந்து சேர ஒரு வாரம் ஆயிற்று. அதிலிருந்து தினம் சாயங்காலம் நான் வந்ததும் காவேரி வாசற்படியிலேயே வந்து சாப்பாட்டுத் தூக்குப்போசியை வாங்கிக்கொள்வாள். முன்பெல்லாம் அதை நானே கொண்டு போய் அடுப்படியில் வைப்பதுதான் வழக்கம். வாங்குகிறபோது முகத்தைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவருவாள். புது மாப்பிள்ளை மாதிரி நானும் இரண்டு நாள் சந்தோஷப்பட்டேன். மூன்றாம் நாள்தான் விஷயம் புரிந்தது.

"நீயுமா?" என்றேன். காவேரியும் என் பஸ்ஸில் டிக்கெட் வாங்கிப் போகிற பிரயாணிதான், அதனால் மண்டிக்காரர் தீர்ப்பைப் போல அவள் தீர்ப்பையும் இங்கே எழுதுகிறேன்: "நம்பாம இல்ல மாமா. ஆனா ஒரு நாளு வாடை வந்துச்சுன்னா நான் எங்க ஆத்தா வூட்டுக்குப் போயிருவேன்; போற மாதிரி ஆயிரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுத்தான் தெனமும் மோந்து பாக்கறேன்."

முன் சீட்டுக்கு ஆள் இல்லை

சந்தை நாளில் பஸ் பாப்பிரெட்டிப்பட்டி வரை போகும். சித்தேரி மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் புளி, கடுக்காய், சாமை, தேன் என்று கொண்டுவந்து பாதியை அங்கே விற்றுவிட்டு, மீதியோடு அரூருக்கு ஏறுவார்கள். அன்றைக்கு ஏறியது ஆளைவிட மூட்டைதான் அதிகம். கோவிந்தன் பஸ்ஸின் கடைசிப் பக்கத்தில் கூரைமேலும் கீழுமாக அடுக்கிவிட்டான். மலைக்காரர்களும் அந்த மூட்டைகளோடு மூட்டையாகப் பின்னாலேயே நெருக்கி உட்கார்ந்தார்கள். என் பின்னால் இருந்த முதல் வரிசை காலி. அது தாசில்தாரும் வக்கீலும் மண்டிக்காரரும் உட்காருகிற வரிசை. அவர்கள் ஏறாத நாளிலும் அவர்களுடையதுதான். சட்டத்தில் எங்கேயும் எழுதியில்லை, ஆனாலும் யாரும் உட்கார மாட்டார்கள்.

பின்பக்கம் பாரம் ஏற ஏற முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். கிளம்பியதிலிருந்தே ஸ்டியரிங் பூப்போல இருந்தது. நான் முட்டாள், இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று மகிழ்ந்துபோனேன். வழியில் ஒரு வளைவு, ரோடெல்லாம் உதிர்ந்த கப்பிக்கல். நான் திருப்பினேன். முன் சக்கரங்களும் திரும்பின. வண்டி மட்டும் நேராகவே போய், ஒரு கேழ்வரகுக் கொல்லையின் வரப்பில் மூக்கை வைத்து நின்றது. எதிரே மாட்டு வண்டியில் யார் வந்துகொண்டிருந்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. புளி வாங்க அவரும் சந்தைக்குத்தானே வரவேண்டும்!

யாருக்கும் காயமில்லை. எல்லாரையும் முன்னால் வந்து உட்காரச் சொன்னேன். யாரும் அசையவில்லை. கும்பிட்டுக் கேட்டேன். "அது தொரைங்க எடம் சாமி" என்றார்கள். கடைசியில் மூட்டைகளை முன் வரிசையில் ஏற்றினேன். புளி உட்காரலாம், தாங்கள் உட்காரக்கூடாது என்று அவர்கள் அதற்கு மட்டும் சம்மதித்தார்கள். ஒரே ஒரு அம்மாள், தன் தேன் குடம் தனியாகப் போகிறதே என்ற கவலையில், அதன் பக்கத்தில் நுனியில் உட்கார்ந்தாள். வண்டி கட்டுக்கு வந்துவிட்டது. அரை மைல் போனதும் அந்த அம்மாள் என் முதுகைத் தொட்டு மெதுவாகக் கேட்டாள்: "ஏஞ்சாமி, இங்க உக்காந்தா ஊரு எனக்கு மொதல்ல வந்துருமா, பின்னாடி இருக்கறவங்களுக்கு அப்புறந்தானா?"

ஏட்டையா போட்ட கோடு

காற்றும் சரி, பாரமும் சரி, இருந்தும் வண்டி புதிதாக ஒரு ஆட்டம் ஆட ஆரம்பித்தது. கொஞ்சம் வேகம் எடுத்தால் முன் சக்கரம் இரண்டும் வெடவெடவென்று உதறும், ஸ்டியரிங் கையிலேயே துள்ளும். மொரப்பூர் ரயில்வே கேட்டில் ஒரு ஏட்டையா, கள்ளச் சாராயம் கடத்துகிறார்களா என்று பார்க்க நின்றிருந்தார். பஸ் நெளிந்து நெளிந்து வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, கையைக் காட்டி நிறுத்தி என்னை இறங்கச் சொன்னார். ரோட்டுப் புழுதியில் லத்தியால் நீளமாக ஒரு கோடு கிழித்து, "இதுமேலயே நட" என்றார்.

நடந்தேன். ஜன்னலுக்கு ஜன்னல் தலை. போய்த் திரும்பி வந்தேன், ஒரு விரல்கடை விலகவில்லை. ஏட்டையாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். "இப்ப வண்டிய இதே கோட்டுமேல ஓட்டு" என்று தானும் ஏறிக்கொண்டார். வண்டி கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்ந்ததே தவிர கோட்டைத் தொடவில்லை. இறங்கினார். என் வாயை மோந்தார். கோவிந்தன் வாயை மோந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ரேடியேட்டர் பக்கம் போய் அதையும் மோந்து பார்த்துவிட்டுக் கேட்காரனிடம் சொன்னார்: "ஆளு நேராத்தான்யா நடக்கறான். வண்டிதான் எங்கியோ ஊத்திக்கிட்டு வந்திருக்குது; அத ஸ்டேஷனுக்குக் கொண்டு போலாம்னா, ஓட்டறதுக்கு இவனேதான் வேணும்!"

ரஹீம் பாயின் வைத்தியம்

தர்மபுரியில் ரஹீம் பாய் என்று ஒரு மேஸ்திரி. என் வயதுதான், ஆனால் வாய் என்னைவிட இருபது வயது மூத்தது. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். டொக் டொக் என்று சத்தம் வந்தது. சக்கரம் திரும்புகிற மூட்டில் ஒரு தடித்த பின் உண்டு, அதைச் சுற்றிப் பித்தளைக் குழல் ஒன்று இருக்கும். அந்தக் குழல் தேய்ந்து காகிதமாகியிருந்தது. பட்டறையில் தானே கடைந்து புதிதாகப் போட்டார். அன்றோடு உதறல் நின்றது.

நான் ஏட்டையா கதை, மண்டிக்காரர் கதை, வீட்டுக் கதை எல்லாவற்றையும் சொல்லிப் புலம்பினேன். ரஹீம் பாய் ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தது என் தவறு. தேய்ந்த குழலை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆறு மாசமா கிரீஸ் வெக்காம ஓட்டிப்புட்டு வண்டி ஆடுதுன்னு அழுவறியே மாணிக்கம், ஒன் முட்டிக்கு ஆறு மாசம் எண்ணெ வெக்காம இருந்து பாரு, ஏட்டையா கோட்டுல நீயும் ஆடுவ!"

கோவிந்தன் கட்டிய திருஷ்டி

ஒரு வாரம் வண்டி தங்கமாக ஓடியது. எட்டாவது நாள், மொரப்பூர் தாண்டி ஒரு திருப்பத்தில் இடது பக்கம் வளைக்கிறேன், பாதியில் ஸ்டியரிங் சிக்கிக்கொண்டது. பலங்கொண்ட மட்டும் இழுத்தேன், பட்டென்று விட்டது, வண்டி மைல்கல்லை உரசிக்கொண்டு நின்றது. குனிந்து பார்த்தால், முன் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு மூட்டை தொங்குகிறது. பிய்ந்த செருப்பு ஒன்று, படிகாரக் கட்டி, காய்ந்த மிளகாய், கறுப்புக் கயிறு. எல்லாவற்றையும் சேர்த்து ஸ்டியரிங் தண்டில் இரும்புக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. வளைக்கும்போது செருப்பு சக்கரத்துக்கும் தண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

எனக்கு வந்த கோபத்தில் குறடால் கம்பியை அறுத்து, முறுக்கோடு இழுத்துப் பிடுங்கி, மூட்டையை வேலிக்கு அந்தப் பக்கம் வீசினேன். பிரயாணிகள் முன்னாலேயே கோவிந்தனைக் கன்னாபின்னாவென்று திட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். ரஹீம் பாய் குழல் போட்ட மறுநாளே, யாருக்கும் தெரியாமல், பஸ்ஸுக்கு அடியில் படுத்துக் கட்டியிருக்கிறான். கடைசியில் இப்படிச் சொன்னான்: "ஊருக் கண்ணு பூரா ஒம்மேலதாண்ணே இருக்குது. வண்டியில கட்டுனா வண்டி தாங்கிக்கும்னு கட்டுனேன். பின்ன, ஒங் கழுத்துலயா கொண்டாந்து கட்டறது?"

கைநாட்டு மனு

மைல்கல்லை உரசிய செய்தி ஒன்றே மண்டிக்காரருக்குப் போதுமாக இருந்தது. மனு எழுதிவிட்டார். டிரைவர் மாணிக்கம் நித்தம் குடித்துவிட்டு ஓட்டுகிறான், ஜனங்கள் உயிருக்கு ஆபத்து என்று முழு நீளக் காகிதம், கீழே வரிசையாகக் கைநாட்டு. கைநாட்டு வைத்தவர்களில் பாதிப் பேர் ரோடு போட மனு என்று நினைத்து வைத்தார்களாம். அது பிறகு தெரிந்தது. மண்டிக்காரர் மனுவை பஸ் முதலாளியிடம் கொடுத்தார். அது போலீஸ் ஆபீசுக்குப் போனால் என் லைசென்ஸ் போயிற்று, அப்புறம் ஜில்லாவில் எவனும் என்னைக் கிட்டே சேர்க்க மாட்டான்.

முதலாளி நல்ல மனுஷர். மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் என்னை அதே வண்டியோடு சேலம் லைனுக்கு மாற்றினார். தானும் வருவதாகவும், ரஹீம் பாயையும் மண்டிக்காரரையும் கூடவே ஏற்றிக்கொள்வதாகவும், தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் வண்டி ஒழுங்காக இறங்கினால் மனுவைக் கிழித்துவிடுவதாகவும், ஆடினால் சேலத்திலேயே கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். இதற்கு மேல் நியாயம் கேட்க முடியாது.

காலையில் நான் கிளம்பும்போது காவேரியும் ஒரு துணி மூட்டையோடு கிளம்பி நின்றாள். அவள் ஆத்தா வீடு ஓமலூரில், தொப்பூரைத் தாண்டி அதே ரோட்டில். மூட்டையைப் பார்த்ததும் எனக்கு எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடத் தைரியம் வரவில்லை. அவளே சொன்னாள்: "ஓமலூருக்கு டிக்கெட்டு வாங்கறேன் மாமா. போறதும் திரும்பறதும் இன்னிக்கு வண்டி போற போக்குல இருக்குது."

தொப்பூர் மேட்டில்

நல்லம்பள்ளி வரைக்கும் நேர் ரோடு. வண்டி சாதுவாகப் போயிற்று. முதலாளி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். தொப்பூரை நெருங்கும்போது ஒரு சின்ன வளைவு. ஸ்டியரிங்கைத் திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. கால் சுற்று சும்மாவே சுற்றியது, அப்புறம் டொக்கென்று ஒரு வெட்டு வெட்டி வண்டி திரும்பியது. அடுத்த வளைவில் அரைச் சுற்று சும்மா போயிற்று. எதிரே ரோடு கணவாய்க்குள் இறங்குகிறது, ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், வளைவுமேல் வளைவு. இறக்கம் தொடங்குகிற இடத்தில் ஓரமாக நிறுத்தி, கோவிந்தனைச் சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொன்னேன்.

"ஓட்ட மாட்டனுங்க மொதலாளி. ஸ்டியரிங் சரியில்லீங்க" என்றேன். மண்டிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "பாத்தீங்களா, காலையிலயே ஊத்திக்கிட்டு வந்திருக்கான். எறக்கத்தப் பாத்ததும் பயந்துட்டான்!" என்றார். பஸ் பூராவும் சலசலப்பு. முதலாளி முகம் சுருங்கிவிட்டது. "இப்பத்தானே மேஸ்திரி வண்டியப் பாத்தாரு? இத பாரு மாணிக்கம், ஒண்ணு ஓட்டு, இல்ல எறங்கு. எறங்குனா மனு போயிரும்" என்றார். ரஹீம் பாயும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே மெதுவாக உருட்டிவிடலாமா என்று ஒரு கணம் எனக்கும் தோன்றியது. பின்னால் நாற்பது உயிர். நான் இறங்கிவிட்டேன்.

பஸ்ஸில் ஒருவரும் அசையவில்லை. வேறு டிரைவர் வந்து ஓட்டுவான் என்று உட்கார்ந்திருந்தார்கள். அப்போது காவேரி தன் மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நேராக என்னைப் பார்த்து வந்தாள். மோந்து பார்க்கப் போகிறாள் என்று ஜன்னலில் அத்தனை தலையும் நீண்டது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைத் தாண்டிப் போய், ரோட்டோரக் கல்லில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கட்டின பெண்டாட்டியே அந்த வண்டியில் வரமாட்டேன் என்று இறங்கிவிட்டதைப் பார்த்து, குழந்தை வைத்திருந்த ஒருத்தி இறங்கினாள். அப்புறம் ஒவ்வொருவராக எல்லாரும் இறங்கினார்கள். மண்டிக்காரர் கடைசி.

ரஹீம் பாய் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனார். நானும் போனேன். கோவிந்தன் கல்லைக் காலால் அமுக்கிக்கொண்டு நின்றான். யாராவது ஏறி ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்ப வேண்டும். ரஹீம் பாய் கத்தினார், முதலாளி கையைப் பிசைந்தார், ஆண்பிள்ளைகள் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காவேரி எழுந்து போய், சேலையைச் செருகிக்கொண்டு, என் இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். மேலேயிருந்து அவள் குரல் வந்தது. "இத்தன தூரம் சுத்தறனுங்க, சக்கரம் அசையவே இல்லீங்களே!"

அடியில் நாங்கள் அதைக் கண்ணால் பார்த்தோம். ஸ்டியரிங் தண்டின் நுனியில் ஒரு குண்டு மூட்டு, அதை மூடி ஒரு திருகு. அந்தத் திருகு கழன்று வராமல் இருக்கக் குறுக்கே ஒரு சின்னப் பின் போட்டிருக்கும். பின் இல்லை. திருகு கடைசிப் புரியில் தொங்கிக்கொண்டிருந்தது. ரஹீம் பாய் விரலாலேயே அதைக் கழற்றி எடுத்தார். குண்டு தன்னால் வெளியே வந்து விழுந்தது. இரண்டு வளைவு தாண்டியிருந்தால் அது பள்ளத்துக்கு மேலே விழுந்திருக்கும்.

கோவிந்தன் குனிந்து பார்த்துவிட்டு வெளுத்துப்போனான். திருஷ்டி மூட்டை கட்ட அவனுக்கு ஒரு துளை வேண்டியிருந்திருக்கிறது. அங்கே துருப்பிடித்த ஆணி ஒன்று சும்மா இருக்கிறதே என்று பிடுங்கிப்போட்டுவிட்டு, அந்தத் துளையில் கம்பியை விட்டு முறுக்கியிருக்கிறான். அதுவரைக்கும் அந்தக் கம்பிதான் பின்னுக்குப் பதிலாக வண்டியைக் காப்பாற்றியது. அதையும் நான் கோபத்தில் பிடுங்கி வேலிக்கு மேலே வீசிவிட்டேன். அவன் பிரியத்தில் பாதி, நான் ஆத்திரத்தில் பாதி, இரண்டு பேருமாகச் சேர்ந்து நாற்பது பேரைக் கொல்லப் பார்த்திருக்கிறோம். கோவிந்தன் அழுதான். அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

ரஹீம் பாய் தன் பெட்டியிலிருந்து புதுப் பின் எடுத்து, குண்டு மூட்டில் திருகை ஏற்றிப் பூட்டினார். முதலாளி பையிலிருந்து மனுவை எடுத்து, மண்டிக்காரர் கையிலேயே கொடுத்தார். மண்டிக்காரருக்கு வேர்த்திருந்தது, அவர் அதை வைத்தே முகத்தைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் ஏறினார்கள். காவேரி ஓமலூருக்கு வாங்கின டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "போயி ஆத்தாளப் பாத்துட்டு, திரும்பற வண்டியிலயே வந்தர்றேன் மாமா" என்றாள். அப்போது முதலாளி அவளிடம் கேட்டார்: "ஊரே மோந்து பாத்துச்சு. நீ மட்டும் இன்னிக்கு மோந்து பாக்காமயே எப்படிம்மா எறங்கி உக்காந்த?" காவேரி அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எங்க மாமனாரு அத்தன வருசம் குடிச்சிட்டு வண்டி ஓட்டுனாருங்க மொதலாளி, ஒரு நாளும் நடு வழியில நிறுத்துனதில்லீங்க. குடிச்சவங்களுக்கு நிறுத்தத் தெரியாதுங்க. இவரு நிறுத்திட்டாரு, அதுக்கு மேல என்னத்த மோந்து பாக்கறது?"

ஆகையால் சகோதரர்களே, வண்டி ஆடினால் காற்றைப் பாருங்கள், பாரத்தை மாற்றுங்கள், மூட்டுக்குக் கிரீஸ் வையுங்கள், பின் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், ஒன்றும் புரியாவிட்டால் நிறுத்திவிட்டு இறங்குங்கள். அதற்குள் ஊர் உங்கள் வாயைப் பார்த்துத் தீர்ப்பு எழுதியிருக்கும், அந்தக் கோளாறுக்கு மட்டும் ரஹீம் பாயிடம்கூட உதிரிபாகம் கிடையாது.